குளத்து இரும்பு விவகாரம்: அப்பா சொல்ல ஷிமோன் எழுதியது

ஸாலெஸி,
அக்டோபர் 9

இதனால் நம் குடும்பத்தார் யாவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஏழு இருபதுக்கு வெள்ளரி ஊறுகாய் ஜாடியின் மூடியை நம் தந்தையார் இடது கையாலும் இரண்டு முழங்காலாலுமே திறந்து வெற்றி கண்டார். வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது, மதகுப் பலகையில் வழுக்கிவிட்டது, பயப்படாதே அக்கா, மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், முக்கியமானதை எழுதித்தான் ஆகவேண்டும் என்பது அப்பா கட்சி. ஆகவே சொல்வது அப்பா, எழுதுவது உன் தம்பி ஷிமோன்.

அன்பு மகள் ராத்காவுக்கு, இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம், தம்பி தேவைக்கு மேலேயே சுகம் (இது அப்பாவின் வாசகம், என்னுடையது அல்ல). நீ அங்கே ஓலோமோட்ஸில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆய்வுக்கூடத்துக் குளிரில் கம்பளிக் காலுறை போடுகிறாயா என்று கேட்கச் சொன்னார். அம்மா கசகசா ரொட்டி சுட்டு வைத்திருக்கிறாள், இந்த வாரம் பார்சல் வரும்.

இப்போது விஷயம். நீ அனுப்பிய இரும்புக் கரைசல் பீப்பாயைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீயணைப்புக் குழுவின் நிலவறையில் அதை ஒரு மாதம் கட்டிக்காத்தவன் நான், உன் தம்பி. ஒரு ஈ அண்டவில்லை. சாக்கடை சுத்திகரிப்பிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலில் நீ வெட்டச் சொன்ன தொட்டியில், அளவு பிசகாமல் ஊற்றியவனும் நானே. இதை எழுதும்போது அப்பா பெருமூச்சு விட்டார், நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. கருத்தடை மாத்திரைகளிலிருந்து கழிவோடு இறங்கும், உன் இரும்பு உடைக்க வேண்டிய அந்த ஹார்மோன், தொட்டிக்கு முன்னால் எவ்வளவோ தொட்டிக்குப் பின்னாலும் அவ்வளவே. போன வருஷம் ஆண் மீனை அறுத்து உள்ளே முட்டையைப் பார்த்த நாளில் அப்பா முகம் எப்படி இருந்ததோ, அன்றும் அப்படித்தான் இருந்தது. போதாக்குறைக்கு மதுக்கடையில் தீயணைப்புத் தலைவர் ஹவெல்கா, உங்க பொண்ணோட இரும்புக் கஷாயம் மீனுக்கு ரத்தசோகையை வேணா தீர்க்கும் என்றாராம். அப்பா பாதி பீரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். நம் அப்பா, பாதி பீரை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் மன்றம் கூடுகிறது. சோதனையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அன்று முடிவு. குளக்காவலர் என்ற முறையில், மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே எழுந்து நிறுத்திவிடலாம் என்று சொல்லலாமா என்று அப்பா யோசிக்கிறார். இரண்டு முறை ஜன்னல் வரை போய்வந்து, இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதுடா என்றார்: "நான் கையைத் தூக்கி வேண்டாம்னு சொன்னா, அவளை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுமான்னு கேளு. அவ இரும்பு வேலை செய்யலைன்னா செய்யலை. அதுல அவ வெட்கப்பட ஒண்ணும் இல்ல."

பதிலை வியாழனுக்குள் வருகிற மாதிரி அனுப்பு. வீட்டிலிருந்து கொண்டுபோன காலி ஜாடிகளைத் திருப்பி அனுப்பு, அம்மா எண்ணி வைத்திருக்கிறாள். எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் கெடாமல், எடுத்த வேலை கைகூடி நல்லபடியாக இரு, மகளே.

உன் அப்பா,
யாரோமிர் (இடது கையால் போட்டது, கள்ளக் கையெழுத்து இல்லை)

அக்கா, அப்பா மதகைப் பார்க்கப் போயிருக்கிறார். இனி எழுதுவது நானாகவே எழுதுவது.

ஈ அண்டவில்லை என்றேனே, ஈ அண்டவில்லைதான். போன மாதம் தீயணைப்புக் குழு விழாவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் பீப்பாய் அச்சு அசல் பீர்ப் பீப்பாய் மாதிரி, அதே மூடி, அதே வாய். குழுவின் பீர்க் கைப்பம்பை மாட்டி இருபது முறை காற்றடித்தேன். கன்னங்கரேலென்று நுரையோடு வந்தது. ஒரு கோப்பை பிடித்து, கருப்பு பீர் என்று ஹவெல்கா மாமாவிடம் நீட்டினேன். அவர் மீசைக்குக் கொண்டுபோகும்போது அடியில் காந்தத்தைக் காட்டினேன், கருப்பெல்லாம் ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. "நான் இன்னும் குடிக்கவே ஆரம்பிக்கலையேடா" என்றார். கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஊரே சிரித்தது, கோப்பையில் இருந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பீப்பாய் மேலே நீ காற்றுப் படக்கூடாது என்று ஒட்டியிருந்ததை, நாற்றம் அடிக்கும் என்பதற்காக என்று நினைத்தேன். பதினைந்து நாள் கழித்துத் தொட்டியில் ஊற்றும்போது கரைசல் கருப்பாக இல்லை, செங்கல் நிறம். அப்பா கேட்டார். இப்படித்தான் இருக்குமாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீரில் துருப்பிடிக்கும்போதுதான் உன் இரும்பு அந்த ஹார்மோனை உடைக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். பிடிக்க வேண்டிய துருவெல்லாம் நான் அடித்த காற்றில் பீப்பாயிலேயே பிடித்துத் தீர்ந்துவிட்டது. துருதுரு பையன் என்று என்னை அம்மா சொல்வது இவ்வளவு சரியாகப் பலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்பா வந்ததும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். வெள்ளிக்கிழமை மன்றத்திலும் நானே எழுந்து சொல்வேன், ஹவெல்கா மாமா முன் வரிசையில் இருந்தாலும். நீ இன்னொரு பீப்பாய் அனுப்பு. என் பொறுப்பில் மட்டும் அனுப்பாதே.