மழை விடட்டும் என்றவருக்கு

என்னங்க,

நான் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிட்டேன். நேற்று முதுகுப்பையை மாட்டிப் பார்த்தபோது, "இந்த வயசுல பொதி சுமக்கணுமா? மழை விடட்டும், போகலாம்" என்று சிரித்தீர்கள். வெயில் அடிக்கிற ஊருக்குப் போக, இங்கே மழை விடட்டும் என்று காத்திருக்கும் மகான் நீங்கள் ஒருவர்தான்.

குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அடுப்பைத் தேட வேண்டாம், அது சமையலறையில்தான் இருக்கிறது. படுக்கையறையில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். நிரம்பினால் அது தானாக எழுந்து போகாது, நீங்கள்தான் கொட்ட வேண்டும். கூரையைச் சரிசெய்கிறவர் நாளைக்கு வருவார். அவருக்கு யோசனை சொல்லாதீர்கள்.

பி.கு.: உங்கள் டிக்கெட் வீணாகவில்லை. உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்கிறார்கள்: "இவன் அப்பாவும் இதையேதான் சொன்னாரு. நான் இன்னும் கடலைப் பார்த்ததில்ல. நட!"