ஒரு எம்பு எம்பிட்டு அழுங்க, அண்ணே

பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? நானும் வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்ததை மட்டும் போனில் சொன்னேன். முதுகுத்தண்டு அடிபட்டதால் இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை விழுங்கிவிட்டேன். வீரன் அல்லவா!

இரண்டு வருஷம் முன்பு என்னைப் போலவே விழுந்த வெல்டர் ஒருவர், சக்கர நாற்காலியில் தினமும் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வருகிறார். எனக்கும் இப்போது சக்கர நாற்காலிதான்; அசையாமல் உட்கார்ந்தால் புண் வருமாம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, "எம்புங்க அண்ணே! நாற்காலியை அடைகாக்கிறீங்களா?" என்று அதட்டுவார். இருவரும் கைப்பிடியில் கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி எம்புவோம்.

நேற்று உன் நினைப்பில் அழுதுவிட்டேன். "அழுங்க, வேணாங்கல. ஒரு எம்பு எம்பிட்டு அழுங்க" என்றார். அழுகையிலேயே சிரித்துவிட்டேன்.

நம் வாசற்கதவின் அகலத்தை அளந்து எழுது. நாற்காலிக்கு இருபத்தெட்டு அங்குலம் வேண்டும். குறைந்தாலும் மறைக்காதே. வெளியில் உட்கார்ந்தாவது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எம்பும் நேரம் வந்துவிட்டது, அவசரமாக,
பாப்பா அப்பா