விட மாட்டான் என்றாய்

கடப்பாக்கத்தில் மீன் ஏற்றும் இடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சில்லு தெறித்து என் காலருகே விழுந்தது. அது கரைவதற்குள் உன் முகம் வந்துவிட்டது.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு உனக்குத் தண்ணீர் அளவோடுதான். தாகத்துக்கு ஒரு துண்டு ஐஸ். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவாய். நாக்கு குழறும்.

"இன்னாடி பாக்குற? குடிகாரி மாதிரி கீறனா?"

செங்கல்பட்டிலிருந்து ஒரே மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போனவர்கள் நாம். நீ ஜன்னலோரம் வாய்க்குள் ஓதிக்கொண்டு வருவாய். எதிரே நான், கடவுள் இல்லை என்று வாதிடும் புத்தகத்தோடு.

"படிச்சி முடிச்சிட்டு சொல்லு, அவன் கீறானா இல்லியான்னு."

சிறுநீரகம் தருகிறேன் என்று உன் அண்ணன் தானாகவே சொன்னார். பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. கடைசியாகச் சென்னையில், தருபவரை மட்டும் தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். முழு மனதோடுதான் தருகிறீர்களா? மூடிய கதவுக்கு வெளியே நீயும் நானும்.

வெளியே வந்தவர் உன்னைப் பார்க்கவில்லை. பிறகு மருத்துவர் வந்தார். அண்ணன் உடம்புக்கு இது ஒத்துவராது என்றார். காரணம் சொல்லவில்லை. உள்ளே மனம் மாறுகிறவர்களை வீட்டாரிடம் காட்டிக்கொடுக்காமல் இருக்க அப்படிச் சொல்வதுண்டாம். அதை நான் வெகுநாள் கழித்துப் படித்துத்தான் அறிந்தேன். உனக்கு அந்த வராந்தாவிலேயே தெரிந்துவிட்டது.

அண்ணன் டீ வாங்கப் போனார்.

"பயந்துட்டான்டி. உள்ள போறப்பவே கை ஜில்லுனு இருந்துச்சு."

"கோவம் வரலியா உனக்கு?"

"வராம? ரெண்டு நாளு அழுவேன். ஆனா அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. அவனும் மனுசன்தானே. என் உசுர மொத்தமா அவன் தலையில தூக்கி வச்சது என் தப்பு. அத தாங்குறவன் வேற ஒருத்தன்."

"அந்த ஒருத்தன் கிட்னி குடுப்பானா?"

நீ சிரித்தாய். கண் நிறைந்திருந்தது.

"குடுக்காட்டியும் என்ன வுட மாட்டான்டி."

வீட்டுக்குப் போனதும் எல்லார் முன்னாலும் சொன்னாய்: "டாக்டரே வேணாம்னுட்டாரு. இவனுக்கு எதுனா ஆயிடுமோன்னு எனக்குத்தான் பேஜாரா இருந்துச்சு." அண்ணன் தட்டில் நீயே சோறு போட்டாய்.

அதன் பிறகு ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் அவர்தான் உன்னை வண்டியில் அழைத்துப் போனார். முடியும்வரை வெளியே காத்திருந்தார்.

நீ பயப்படவில்லை என்று எழுதினால் பொய். ஊசி ஏறும்போதெல்லாம் என் விரல்களை நசுக்கினாய். குனிய முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாய். முடித்ததும் முகத்தில் ஒரு தளர்வு. பாரத்தை இறக்கி வைத்தவளின் தளர்வு. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று என் படிப்புக்குத் தெரியவில்லை.

வேறு சிறுநீரகத்துக்குக் காத்திருந்தோர் வரிசையில் உன் பெயர் இருந்தது. மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

இன்று கடப்பாக்கத்தில் இருக்கும் உன் அண்ணன் கடைக்குப் போனேன். ஆள் பாதியாகிவிட்டார். மகள்களைப் பற்றிப் பேசினார். நடுவில் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காதம்மா. அன்னிக்கி உள்ள நான் இன்னா சொன்னேன்னு அவளுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் தூங்கியிருப்பார். அல்லது நம்பாமல், இன்னொரு முறை யாரிடமாவது கேட்டிருப்பார். உண்மை இந்த மனிதரை நிமிர்த்துமா, முறிக்குமா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

"தெரியும்ணே."

"எப்போ?"

"அன்னிக்கே."

அவர் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிக்கினுதானா வண்டில என் பின்னாடி உக்காந்து வந்துகினு இருந்தா? தோள்ல கை வச்சிக்கினு?"

ஆமாம் என்று தலையசைத்தேன். பாங்கு கேட்டது. அவர் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிவாசலை நோக்கி நடந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. கூடப் போய்ப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அவரைப் பிடித்து நிறுத்தும் பலம் என் கையில் இல்லை.

தெருவிலேயே நின்றேன். புத்தகம் முடிந்துவிட்டதா என்று கேட்காதே. உன்னைத் தாங்கியவனிடம் முதன்முறையாக ஒன்று கேட்டேன். இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவரையும் விடாதே.