கோட்டுப் பை

என்னங்க,

சாப்பாடு மேஜைமேல இருக்கு. மழையில அலமாரி பூரா பூஞ்சை பிடிச்சுடுச்சு. இன்னிக்குத்தான் வெயில் வந்துச்சேன்னு துணியெல்லாம் எடுத்துக் காயப்போட்டேன், உங்க இன்டர்வியூ கோட்டையும் சேர்த்து. இந்த நாட்டுப் புழுக்கத்துல நீங்க அதைப் போட்டதே இல்ல. நானும் தொடமாட்டேன்னு நெனச்சிருப்பீங்க.

உள்பையில என்னோட வேலை அனுமதி விண்ணப்பம் இருந்துச்சு. மறுபடியும் பாடம் நடத்தலாம்னு, இங்க வந்த புதுசுல நிரப்பி உங்ககிட்ட குடுத்தேனே, அதேதான். போட்டோவுல என் முகத்தைப் பாதி பூஞ்சை தின்னுடுச்சு.

"குடுத்தாச்சு, இங்க எல்லாம் ஆமை வேகம்தான்"னு ரெண்டு வருஷமாச் சொன்னீங்க. நானும் பக்கத்து வீட்டு அக்காகிட்ட இந்த ஊர் ஆபீஸ்காரங்களைத் திட்டாத நாளில்ல. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க.

மத்தியானம் நானே அந்த ஆபீசுக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த அம்மா, "பத்து நாள்ல வந்துடும்"னு சொன்னாங்க.

கணவர் கையெழுத்து மட்டும் வேணுமாம். புது ஃபாரம் தட்டுக்குப் பக்கத்துல இருக்கு, பேனாவும் இருக்கு.

கோட்டு நல்லாக் காஞ்சுடுச்சு. அதோட பையெல்லாம் தைச்சு மூடிட்டேன்.

காபி வேணும்னா மட்டும் நீங்க கூப்பிடுற,
டீச்சர்