சூசையப்பர் ஏலத்தில் போன கோல்

சித்திரபுரம்,
புதன்கிழமை

அன்பு மகள் ரிஞ்சுவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் இங்கே மூவரும் சுகம், மால்டாவில் உன் சுகத்தையும் அந்த முதுகுவலியையும் பற்றி எழுது. முதலில் ஒரு முக்கியமான முடிவைத் தெரிவிக்க வேண்டும். உன் அம்மா இனிமேல் கோவிலுக்கும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு போவதாகத் தீர்மானித்திருக்கிறாள். ஆண்டவரைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்று இத்தனை வருடம் கேட்டு வந்தவள் என்பதால், வீட்டில் கூட்டம் கூட்டி இதை அறிவித்தாள். நானும் உன் அண்ணன் ஜின்சனும் வந்திருந்தோம். போனில் சொன்னால் அவள் பக்கத்தில் நின்று திருத்துவாள், அதனால் எழுதுகிறேன்.

காரணம் உன் அண்ணனின் கோல். தேயிலை ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு அவன் பில்லியர்ட்ஸ் கோல் செய்ய உட்கார்ந்தது உனக்குத் தெரியும். கை பிடிக்கிற தடித்த பாகத்தில் ஈட்டி மரத்தை நீளமான ஆப்புகளாகச் சீவி வெளுத்த மரத்துக்குள் இறக்கி ஒட்டுகிறான், நான்கு கறுப்பு முனைகளும் ஒரே உயரத்தில் போய் முடிய வேண்டும், ஒன்று நூலளவு தாழ்ந்தாலும் கோல் மூலைக்குப் போய்விடும். இந்த ஊர் ஈரத்தில் பசை காயக் காத்திருந்தே பனிக்காலம் போயிற்று. ஆப்பு சீவுததுக்கா மாமா இவன ஐடிஐ படிக்க வச்சீக என்று மேல்வீட்டு சித்ரா கேட்டாள், நியாயமான கேள்விதான். கொச்சிக்கார ஆட்டக்காரர் ஒருவர் முதல் கோலுக்கு ஆர்டர் சொல்லியிருந்தார், அது அவருக்குப் பிடிக்காவிட்டால் பேசாமல் ஃபேக்டரிக்கே திரும்பிவிடுவதாக அண்ணன் எங்களிடம் ஒப்புக்கொண்டிருந்தான், மானேஜரும் அதுவரை அவன் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

தொழிலாளர் சூசையப்பர் திருநாளுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி எல்லாம் சாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுபோவார்களே, அம்மா கோலைக் கொண்டுபோனாள். வலது பக்க மேசை மந்திரிக்கிற ஆயுதங்களுக்கு, இடது பக்கம் ஏலம் விடும் காணிக்கைக்கு. கண்ணாடி போடாத இவள் கோலைச் சேவலுக்கும் சௌசௌவுக்கும் நடுவில் வைத்துவிட்டு மனமுருகி ஜெபித்தாள். நாங்கள் கஞ்சி வரிசையில் நின்றபோது உபதேசியார் ஏலத்தை முடித்துவிட்டார். ஆடு வளர்க்கிற கருத்தப்பாண்டி நம் வேதக்காரன் இல்லை, ஆனாலும் சூசையப்பர் ஏலத்தை ஒரு வருடமும் விட்டதில்லை, கோலை அவன்தான் எடுத்திருந்தான்.

ஆட்டை அடித்து ஆப்பு பிளந்திருக்கும் என்று நானும் ஜின்சனும் பதறிப்போய் ஓடினோம். கோல் கருப்பசாமி படத்துக்குப் பக்கத்தில் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. சாமி குடுத்த கோல ஆட்டு மேல படவிடுவனா அண்ணாச்சி, என்னைய என்னன்னு நெனச்சீக என்று கோபித்துக்கொண்டான். எனக்கு உயிர் வந்தது. ஆனால் திருப்பிக் கேட்டதும், சாமி குடுத்தத மனுசன் கேட்டாத் தரப்பிடாது என்றுவிட்டான். ஜின்சன் ஓடிப்போய் மூலையில் கிடந்த கோலைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொன்னான், ஒரு ஆப்பு தாழ்ந்துபோனதை. கருத்தப்பாண்டி இரண்டையும் தடவிப் பார்த்து, நாலும் ஒண்ணுபோல இருந்தா மிஷின் செஞ்சதும்பானுவ, இதுல ஒண்ணு எறங்கி நிக்கு பாரு, இதுதாம்ல கைவேல என்றான். ஆனால் அதுவும் சூசையப்பர் கையால்தான் வரவேண்டுமாம். ஆகவே அடுத்த ஞாயிறு இரண்டு கோலும் இடது பக்க மேசைக்குப் போயின, அவனும் நானும் ஆளுக்கொன்று ஏலத்தில் எடுத்தோம், கோவிலில் வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அளவு கட்டுப்பாட்டை நான் பிரசங்க நேரத்தில்கூடப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே கொச்சிக்காரர் வந்தார். நம் சாப்பாட்டு மேசையில் கோலை உருட்டிப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், ஆப்பு முனைகளில் நகத்தை ஓட்டினார். அவர் பேசுவதற்குள் அம்மா உள்ளே பாதி ஜெபமாலை சொல்லிவிட்டாள். பிறகு, கொள்ளாம் என்றார். மலையாளத்தில் இதற்குமேல் புகழ்ச்சி கிடையாது. என்ன பாலிஷ், சந்தன வாசனை வருகிறதே என்று கேட்டதற்கு ஜின்சன், வீட்டு முறை என்றான். நண்பர்களுக்கும் செய்து தரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று ராத்திரி உன் அண்ணன் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டான், அதைப் பார்த்துவிட்டு நாங்களும் நிம்மதியாகப் படுத்தோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கனத்தைத் தனியாகத் தூக்காதே. பாஸ்போர்ட் தேதி முடியப்போகிறது, மறந்துவிடாதே. சூசையப்பர் உனக்குத் துணையிருக்கட்டும், எங்கள் ஆசீர் எப்போதும் உண்டு.

அன்புள்ள அப்பா,
ஆசீர்வாதம்

பி.கு.: ஜின்சன் திங்கட்கிழமை ஃபேக்டரி ஆபீசில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் இடத்தில் நேற்று முதல் வேறு ஆள் நிற்கிறான்.