பெரிய ஜட்ஜுக்கு ஒரு பப்பாளி

ஈப்போ, ஆகஸ்ட் 1926, செவ்வாய் இரவு

என் மனைவியின் அண்ணன் இன்று ஆயர் தாவார் தோட்டத்திலிருந்து நான் மொழிபெயர்க்கும் கோர்ட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பப்பாளியோடு. அவருடைய பசு ஈன்ற கன்றைப் பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று கம்பத்துப் பெங்குலு, அதாவது மலாய் ஊர்த்தலைவர், தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். கன்றைக் காணாமல் பசு தீனி தொடவில்லை.

"பெரிய ஜட்ஜுகிட்ட நேரா போலாம் மாப்ள. நீங்கதான அவருக்கு நம்ம பேச்ச எடுத்துச் சொல்றீங்க?"

கங்காணி சொன்னது பிடிக்காவிட்டால் பெரிய துரை பங்களாவுக்கே போய்க் கும்பிடுவது தோட்டத்து வழக்கம். மச்சானுக்கு அதே நினைப்பு. பெங்குலு தீர்ப்பை முதலில் மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும், பெரிய ஜட்ஜே ஆசைப்பட்டாலும் நேராகக் கேட்கச் சட்டம் விடாது என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ ஜட்ஜுக்காக வருத்தப்பட்டார்.

"அம்புட்டுப் பெரிய நாக்காலியில ஒக்காந்துக்கிட்டு கேக்கக்கூட முடியாதா? பாவம்லா! இந்தப் பழத்தையாவது அவருக்குக் குடுத்துருங்க."

நாளை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன். கன்று கிடைக்க வேண்டும். மச்சான் கூடத்தில் குறட்டை விடுகிறார். பப்பாளி என் மேசைமேல் மணக்கிறது. பெரிய ஜட்ஜ் அதையும் வாங்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.