ஆறாவது மாடிக்காரர்கள்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் மூன்றாம் மாடி உம்மணாமூஞ்சி படியில் எதிரே வந்தார். இன்றைக்கும் சிரித்தேன். இன்றைக்கும் சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து இரண்டரை மாதம். இருபது சிரிப்பாவது அவரிடம் வீணாகியிருக்கும்.

நம்மாளிடம் சொன்னேன். "உன் பல்லுல ஏதாவது ஒட்டியிருந்திருக்கும்" என்றான். கல்யாணமாகி எட்டு மாதத்தில் புருஷன் ஆறுதல் சொல்லும் லட்சணம் இது.

ஜூன் 5, வியாழன்

கண்ணாடிக் கடையில் இன்றும் ஃபிரேம் துடைத்தேன். பழைய ஊரில் நாலு வருஷம் கண் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுத்தவள். இங்கே முதலாளியம்மா, "புதுசா வந்திருக்க, கொஞ்ச நாள் கவுண்டர்ல நில்லு" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? கேட்க வாய் வரவில்லை.

நம்மாளுக்கு இந்தக் கவலை கிடையாது. லிஃப்ட் மெக்கானிக். அவன் கம்பெனி இங்கே மாற்றியதால்தான் வந்தோம். தினம் ஐந்து கட்டடம் ஏறி இறங்குகிறான். அதற்குள் பாதி ஊரைத் தெரிந்து வைத்திருக்கிறான். எனக்கு அவன் ஒருத்தனைத்தான் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

பழைய கடை முதலாளி போன் செய்தார். புதுக் கிளை திறக்கிறாராம். "பொறுப்பு முழுசும் உன்கிட்டதாம்மா. பதினெட்டாம் தேதிக்குள்ள சொல்லிடு."

நம்மாளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். கொட்டிவிட்டேன் என்பதுதான் சரி. உப்பு எங்கே என்று கேட்டான், அவ்வளவுதான். உப்பையும் நானே தேடணுமா, இந்த ஊர்ல என்னைத் தேட ஒரு ஆள் உண்டா என்று ஆரம்பித்தவள், அந்த போன் வரை வந்துதான் நின்றேன். உப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா மனசுல வச்சிருக்க?"

"நாலு நாளா."

"போகணும்னா சொல்லு, நானும் வரேன். லிஃப்ட் எல்லா ஊர்லயும்தான் நின்னுபோகுது."

"உனக்கு இங்க பிடிச்சிருக்கே."

"பிடிச்சிருக்கு. அதுக்காக உன்னை ஃபிரேம் துடைக்க விட்டுட்டு நான் மட்டும் சந்தோஷமா சுத்த முடியுமா?"

இப்படிப் பேசுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? முடிவு என்னுடையதாம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்குக் கீழே போக லிஃப்டில் ஏறினேன். நாலாம் மாடியில் தையல்காரம்மா ஒரு துணி மூட்டையோடு ஏறினார். மூன்றில் உம்மணாமூஞ்சி. கதவு மூடி இறங்க ஆரம்பித்ததும் ஒரு குலுக்கல் — நின்றுவிட்டது.

தையல்காரம்மா கதவைத் தட்டினார். உம்மணாமூஞ்சி அங்கே ஒட்டியிருந்த அவசர எண்ணைப் படிக்கப் போனார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். பின்னால் நகர்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். எனக்குச் சுரீரென்றது. இந்த மனிதர் என்னை ஒதுக்கவில்லை. பார்க்கவே இல்லை.

"சார், இந்தக் கண்ணாடி எப்ப போட்டது?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும். ஏம்மா?"

"என் முகம் தெரியுதா?"

"யாரோ நிக்கிறது தெரியுது."

தையல்காரம்மா மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நம்மாளுக்கு போன் போட்டேன். படியில் தடதடவென்று இறங்கி வந்தான். வெளியிலிருந்து குரல்: "யாரும் கதவைத் தள்ளாதீங்க. இது வேற கம்பெனி லிஃப்ட், நான் கை வைக்கக் கூடாது. அவங்களுக்குச் சொல்லியாச்சு. உள்ள காத்து வரும். கயிறு அறுந்து விழும்னு யாரும் சினிமா கணக்கா பயப்பட வேணாம்." பிறகு படியிலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"உன் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்கா? சொல்லவே இல்லையே" என்றார் தையல்காரம்மா.

"நீங்க யாரும் கேக்கவே இல்லையேக்கா."

"எப்படிக் கேக்கறது? புதுசா கல்யாணமானதுங்க, யாரும் போய்த் தொந்தரவு பண்ணாதீங்கன்னு நான்தான் எல்லா மாடிக்கும் சொல்லி வச்சேன்."

இரண்டரை மாதம். யாருக்கும் நாம் வேண்டாம் என்று நான் உள்ளே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, ஒரு கட்டடமே எங்களுக்காக அடக்க ஒடுக்கமாக இருந்திருக்கிறது.

ஐம்பது நிமிஷம் கழித்து ஆட்கள் வந்து கதவைத் திறந்தார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. தையல்காரம்மா அவர் நாத்தனார் கதையைப் பாதியில் விட்டிருந்தார்.

ஜூன் 16, திங்கள்

லிஃப்டில் நான் சொன்ன அடையாளத்தை வைத்து உம்மணாமூஞ்சி கடைக்கே வந்துவிட்டார். "லிஃப்ட்ல இருந்த பொண்ணுதான் பாக்கணும்" என்று ஒரே பிடிவாதம். முதலாளியம்மா வேறு வழியில்லாமல் அறையைத் திறந்துவிட்டார். பழைய கண்ணாடியோடு மேல் இரண்டு வரிதான் படித்தார். ஒவ்வொரு வில்லையாக மாற்றி, கேட்டுக் கேட்டு, கடைசி வரி வரை கொண்டுவந்தேன். மூன்று மாதமாகியும் கை மறக்கவில்லை.

முதலாளியம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "நாலு வருஷம் பாத்தேன்னு சொன்ன. இவ்வளவு பொறுமையா பாப்பேன்னு சொல்லலையே" என்றார்.

ஜூன் 18, புதன்

பழைய முதலாளிக்கு போன் செய்து வரவில்லை என்றேன். ஏம்மா என்றார். "வெள்ளிக்கிழமை ஒருத்தருக்குக் கண்ணாடி வருது சார், நான்தான் மாட்டிவிடணும்." அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நம்மாளுக்குப் புரிந்தது. உப்பை அவனே தேடி எடுத்தான்.

ஜூன் 20, வெள்ளி

மாட்டிவிட்டேன். என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீ இவ்வளவு சின்னப் பொண்ணா? குரலை வச்சு நாப்பது வயசு இருக்கும்னு நெனச்சேன்."

அவருக்குப் பேக்கரி இருக்கிறதாம். ஆறு மாதமாக ரொட்டியைக் கருக்குகிறார் என்று வீட்டில் ஏச்சாம். அடுப்பில்தான் கோளாறு என்று அடுப்பையே மாற்றிவிட்டாராம். இனி உம்மணாமூஞ்சி என்று எழுதக் கூடாது. பேக்கரிக்காரர்.

ஜூலை 5, சனி

பேக்கரியில் ரொட்டி வாங்க வருகிறவர்களையெல்லாம் என்னிடம் அனுப்புகிறார். பரிசோதனை அறைச் சாவி இப்போது என் பையில்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று ஜன்னல் திரைக்குப் பச்சையா நீலமா என்று நம்மாளோடு நல்ல சண்டை. இன்று காலை படியில் தையல்காரம்மா, "பச்சைதான் எடுப்பா இருக்கும். நான் உன் கட்சி" என்றார். மானம் போய்விட்டது. முன்பெல்லாம் மூச்சுக் காட்டாமல் சண்டை போடுவோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பீரோ வாங்கினோம். இரும்பு. லிஃப்டில் நுழையவில்லை. நம்மாள், பேக்கரிக்காரர், இரண்டாம் மாடி பஸ் டிரைவர் என்று மூன்று பேர் படிவழியாகத் தூக்கினார்கள். தையல்காரம்மா தூக்காமல் அதிகாரம் மட்டும் செய்தார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கால் மணி நேரம் அப்படியே நின்றது. ஒருவழியாக உள்ளே வந்ததும் நாலு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தையல்காரம்மாவும்தான்.

"இதை இனிமே கீழ இறக்க முடியாது, சொல்லிட்டேன்" என்றார் டிரைவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

நம்மாள் என்னைப் பார்த்தான்.

"இறக்கவா போறோம்?" என்றேன். "ஜன்னலை மறைக்குது. இன்னும் ஒரு முழம் தள்ளிடுங்க."